மூண்டு நாள் அரிசி

என்ர வீட்டில எல்லாக் கடுதாசியும் என்ர கையிலதான் இருக்கும். பாஸ்போட், பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, வீட்டுப் பத்திரம், மகளின்ர தடுப்பூசிக் கொப்பி, எல்லாம். மனுசிக்கு நகை எப்பிடியோ எனக்குக் கடுதாசி அப்பிடி. ஆரும் தொட்டால் கோவம் வரும். கோவம் எனக்குச் சும்மாவே கெதியாய் வாற சாமான், அதால வீட்டில ஒருத்தரும் தொடுறேல்லை. இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் பிறகு நடந்த கூத்துக்கு முழுக் காரணமும் நான்தான். வேற ஆரிலயும் பழியைப் போட ஒரு வழி இருக்கோ எண்டு தேடிப் பார்த்தனான், கிடைக்கேல்லை.

நாங்கள் இருக்கிறது டென்மார்க்கில வைலே எண்ட ரவுணில. எனக்குப் பக்கத்து ரவுண் பிரெடெரிசியாவில ஒரு தொழிற்சாலையில பொதி ஏத்துற வேலை. மனுசி முதியோர் பராமரிப்பில. பிள்ளை எண்டு ஒரு மகள்தான். அவளுக்குப் பதினெட்டு வயசான வருசத்துக் கதை இது.

அதுக்கு முந்தியே அரசாங்கம் எல்லாருக்கும் டிஜிட்டல் போஸ்டில, அதுதான் அரசாங்கக் கடிதம் வாற இணையப் பெட்டியில, ஒரு அறிவித்தல் அனுப்பியிருந்தது. கரண்ட் நிண்டாலும் தண்ணி நிண்டாலும் மூண்டு நாளைக்கு நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கோ எண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூண்டு லீட்டர் தண்ணி, சமைக்காமல் சாப்பிடக்கூடிய சாப்பாடு, மருந்து, ரோச் லைற், பற்றறியில வேலை செய்யிற ரேடியோ, போர்வை. வேலையிடத்தில சாப்பாட்டு நேரம் டேனிஷ்காரர் அதைப் பற்றித்தான் கதை. ஒருத்தர் முகமெல்லாம் வெளிறிப்போய், உனக்குப் பயமில்லையோ எண்டு என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. என்ர மனுசி யாழ்ப்பாணத்தில கரண்டே இல்லாமல் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணினவ. மூண்டு நாள் எங்களுக்கு ஒரு கணக்கே?

ஆனால் சிரிச்சுப்போட்டு வீட்டை வந்து முதல் வேலையாய் ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் பீப்பாவை வாங்கி கராஜுக்குள்ள வைச்சனான். ஒழுங்கு எண்டு சொன்னால் அதைச் செய்யத்தானே வேணும். மூண்டு பேருக்கு மூண்டு நாளைக்கு எண்டு கணக்குப் பார்த்து இருபத்தேழு லீட்டர் தண்ணியைப் பிளாஸ்டிக் கானில நிரப்பிச் சுவரோட அடுக்கினன். பீப்பாவுக்குள்ள மீன் ரின், விசுக்கோத்து, பருப்பு, மிளகாய்த்தூள், கூடாரத்துக்குக் கொண்டுபோற சின்னக் காஸ் அடுப்பு. எல்லாத்துக்கும் மேல பத்துக் கிலோ அரிசி உரப்பை ஒண்டு. அரசாங்கம் சமைக்காமல் சாப்பிடுற சாமானைத்தான் சொன்னது. அதுக்காகச் சோறில்லாமல் மூண்டு நாள் இருக்க ஏலுமோ. அரசாங்கத்துக்கு எங்களைத் தெரியாது.

அந்த அரிசியை வைக்கேக்கதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கட சனம் இடம்பெயர்ந்து ஓடேக்க முதல் தூக்கினது அரிசியைத்தான். பிள்ளையை ஒரு கையில, அரிசியை ஒரு கையில. கடுதாசியை மறந்து விட்டிட்டு வந்து பிறகு வருசக்கணக்காய்க் கந்தோர் கந்தோராய் அலைஞ்ச ஆக்கள் எத்தினை பேர். அதால சில வீடுகளில கடுதாசியை அரிசிக்குள்ளயே தாட்டு வைச்சிருப்பினம். ஈரம் பிடியாது, கள்ளன் தேடான், அரிசியைத் தூக்கினால் கடுதாசியும் சேர்ந்து வரும். நானும் அப்பிடியே செய்தன். கோடை விடுமுறைக்குப் போட்டு வந்த கையோட மூண்டு பேரின்ர பாஸ்போட்டையும் மற்றக் கடுதாசியளையும் ரெண்டு பொலித்தீன் பையில சுத்தி, உரப்பையின்ர வாயை அவிழ்த்து, நடு அரிசிக்குள்ள தாட்டு, கறுத்த நூலால திரும்ப நல்ல இறுக்கமாய்த் தைச்சன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்குச் சொன்னால் சிரிப்பா, மகளுக்குச் சொன்னால் அவள் தன்ர சிநேகிதியள் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அதுக்குப் பிறகுதான் மகளுக்கு அந்தச் சட்டம் வந்து சேர்ந்தது.

டென்மார்க்கில பெடியளுக்குப் பதினெட்டு வயசானால் படைக்கு ஆளெடுக்கச் சீட்டுக் குலுக்கிற மாதிரி நம்பர் இழுக்கிறது பழைய வழக்கம். பெட்டையள் விரும்பினால் போகலாம், கட்டாயமில்லை. பாராளுமன்றம் அதை மாத்திப் பெட்டையளும் இழுக்க வேணுமெண்டு ஆக்கிப்போட்டுது. அதோட நாலு மாதமாய் இருந்த சேவையைப் பதினொரு மாதமாக்கியும் போட்டுது. குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கேக்க ரேடியோவில கேட்டனான். என்ர பிள்ளை அந்தச் சட்டத்துக்குள்ள வாற முதல் பெட்டையளில ஒருத்தி. கண்டறியாத சட்டம் எண்டு வாய்விட்டே சொன்னன்.

மேசையில இருந்து பாடம் செய்துகொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல், நியாயம்தானே எண்டாள். டேனிஷில சொன்னாள். அவள் அப்பிடித்தான், வாக்குவாதம் எண்டால் டேனிஷ், பசி எண்டால் தமிழ்.

"என்ன நியாயம்?"

"என்ர வகுப்புப் பெடியள் போக வேணும், நான் மட்டும் ஏன் போகத் தேவையில்லை? சமம் எண்டு நீங்கள்தானே சின்னனில சொல்லித் தந்தனீங்கள்."

ஓம், சொல்லித் தந்தனான்தான். மறுமொழி இல்லாத இடத்தில எனக்குக் கோவம்தான் வரும், அண்டைக்கும் வந்தது. உந்தப் பேய்க்கதையை விட்டிட்டுப் படி எண்டு கத்தினன்.

அவளுக்கு விளங்காத ஒண்டு இருக்கு. நான் பத்தொன்பது வயசில ஊரை விட்டு வெளிக்கிட்டதே ஒரு படையிலயும் சேராமல் இருக்கத்தான். அப்ப எங்கட பக்கம் படைக்குப் பஞ்சமில்லை. அரசாங்கத்தின்ர ஆமி, பக்கத்து நாட்டு ஆமி, எங்கட பெடியளின்ர படையள். எல்லாருக்கும் என்ர வயசுக்காரர் தேவைப்பட்டினம், ஒண்டில் பிடிச்சு அடைக்க, இல்லாட்டில் சேர்த்து அனுப்ப. நான் ஒருத்தரிட்டயும் அகப்படாமல் இஞ்ச வந்து சேர்ந்தன். கெட்டித்தனமில்லை, பயம். அந்தப் பயத்தை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்து, பனிக்குள்ள வேலை செய்து, வீடு வாங்கி, பிள்ளையைப் பெத்து வளர்த்தால், அந்தப் பிள்ளைக்கு ஆமியில இருந்து கடிதம் வருது.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. ரெண்டொரு வருசத்துக்கு முந்தி ஒரு இலையுதிர்காலப் புயலில ஃபியோர்ட் எண்ட கடல்நீரேரியின்ர தண்ணி ஏறி வைலே ரவுணுக்குள்ள வந்திட்டுது. எங்கட வீடு மேட்டில, தண்ணி வரேல்லை. கீழ தெருவில கட்டாய சேவை செய்யிற பெடியளும் விரும்பிப் போன பெட்டையளுமாய் நாலு பேர் மண்மூட்டை அடுக்கி, பம்ப் வைச்சுத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டினம். ஆமி மாதிரித் துவக்குத் தூக்கிற சேவை இல்லை, பேரிடர் வந்தால் உதவி செய்யிற பிரிவு. மனுசி ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி ஊத்தி மகளிட்டக் குடுத்து விட்டா. அவள் போனவள் போனவள்தான், ரெண்டு மணித்தியாலத்தால முழங்கால் மட்டும் சேறோட வந்தாள். மூட்டை தூக்கினாளாம். அண்டையில இருந்து, தானும் அந்தப் பிரிவுக்குத்தான் போவன் எண்டு ஒரே பிடி. கேட்ட பிரிவு கிடைக்குமெண்டு ஒரு உத்தரவாதமும் இல்லை, துவக்கைத் தந்தால் என்ன செய்வாய் எண்டு நான் கேட்பன். அப்ப அதையும் செய்யத்தான் வேணும் எண்டு அவள் சொல்லுவாள். அந்த இடத்தில ரெண்டு பேரும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு எழும்புவம்.

கடிதம் வந்தது. இன்ன நாள், வெள்ளிக்கிழமை காலமை எட்டு மணிக்குப் படைக்கு ஆளெடுக்கிற இடத்துக்கு வர வேணும், சுகாதாரப் பரிசோதனை, எழுத்துச் சோதினை, பிறகு நம்பர் இழுக்கிறது. படத்தோட அடையாளப் பத்திரம் கொண்டுவர வேணும். அதுக்கு முதல் இணையத்தில ஒரு சுகாதாரப் படிவம் நிரப்ப வேணும். அவள் அதை நிரப்பேக்க நான் அவளுக்குப் பின்னால போய் நிண்டன்.

"மூண்டு வயசில உனக்குத் தொய்வு, மூச்சிழுப்பு இருந்தது. வாயில அடிக்கிற பம்ப் பாவிச்சனீ. அதைப் போடு பிள்ளை."

"அது பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி."

"இருந்தது இருந்ததுதானே. பொய்யில்லையே."

அவள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அப்பா, நான் போறதை எப்பிடியாவது நிப்பாட்டுறதெண்டு நிக்கிறீங்கள்" எண்டாள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அவள் தொய்வையும் போட்டாள், பக்கத்தில, இப்ப இல்லை, ஓடுறனான், நீந்துறனான் எண்டு நீட்டி எழுதியும் போட்டாள். நேர்மையான பிள்ளையை வளர்த்தால் இதுதான் கரைச்சல்.

இனித்தான் அந்த வியாழக்கிழமை.

வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வீட்டை வந்தன். மனுசிக்குப் பின்னேர வேலை, வீட்டில மகள் மட்டும். அடுத்த நாள் உடுக்க வெள்ளைச் சேட்டை ஸ்திரிப்பெட்டியால மினுக்கிக் கதிரையில போட்டிருந்தாள். "அப்பா, என்ர பாஸ்போட் எங்கை? நாளைக்கு வேணும்" எண்டாள். கார் லைசென்ஸ் அவள் அப்ப எடுக்கேல்லை, படம் போட்ட பத்திரம் பாஸ்போட் ஒண்டுதான். எதுக்கும் கடுதாசி எடுத்துத் தர நான்தானே வேணுமெண்டு உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பெருமை. இரு, எடுத்துத் தாறன் எண்டிட்டுக் கராஜுக்குப் போனன்.

பீப்பாவைத் திறந்தன். அரிசி உரப்பை அதே இடத்தில, அதே படம் போட்ட அதே அரிசி. கத்திரிக்கோலை வைக்கப் போனவன் அப்பிடியே நிண்டிட்டன். நூல் வெள்ளை. மில்லில மெசினால தைச்ச தையல். என்ர கறுத்த நூல் இல்லை.

எண்டாலும் மனம் விடுமே? வெட்டிப்போட்டு முழங்கை மட்டும் கையை விட்டுத் துழாவினன். பழைய படுக்கை விரிப்பை விரிச்சு முழு அரிசியையும் கொட்டி அளைஞ்சன். அரிசி அரிசியாய்த்தான் இருந்தது. நான் அந்தச் சீமெந்து நிலத்தில இருந்துகொண்டு யோசிச்சன். அப்பத்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

பீப்பாவில வைக்கிற சாமானைப் பழுதாக முதல் பாவிச்சுப்போட்டுப் புதுசு வையுங்கோ எண்டும் அந்த அறிவித்தல்காரர் சொல்லியிருந்தவை. மனுசி அதை ஒழுங்காய்ச் செய்யிற ஆள். எங்கட மனுசிமாருக்குப் பழைய அரிசி எண்டால் ஒரே வழிதான், வண்டு பிடிக்க முந்திக் கோவில் அன்னதானத்துக்குக் குடுக்கிறது. நான் வேலைக்குப் போன நேரம் புது உரப்பை வாங்கிப் பீப்பாவில வைச்சிட்டு, பழசைக் காரில ஏத்தியிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில, "இஞ்சேருங்கோ, காரில கோவிலுக்கு அரிசி கிடக்கு, தூக்கி உள்ள வையுங்கோ" எண்டா. நானும் இடுப்பு நாரி நோகுதெண்டு முணுமுணுத்துக்கொண்டு தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டனான். மூண்டு பாஸ்போட்டையும் எங்கட முழுக் குடும்பத்தின்ர கடுதாசியையும் என்ர சொந்தத் தோளில காவிக்கொண்டு போய்க் குடுத்திருக்கிறன். கறுத்த நூல் என்ர கண்ணுக்கு நேர இருந்திருக்கும். நான் பிள்ளையாரைப் பார்த்தனே தவிர நூலைப் பார்க்கேல்லை.

கோவில் காரில ஒரு மணித்தியாலம். வெள்ளிக்கிழமைதான் அங்க அன்னதானம். அந்த அரிசி இன்னும் அவியேல்லை. இப்ப வெளிக்கிட்டால் ஏழு மணிக்குள்ள எடுத்துப்போடலாம்.

எழும்பினனான், காருக்குப் போகேல்லை. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டன்.

ஏனெண்டு எனக்கு நல்லாய்த் தெரியும். நான் கொண்டுவரக் காணேல்லை எண்டு மேல மகள் ஒவ்வொரு மேசை லாச்சியாய் இழுத்து அடிக்கிற சத்தம் கேட்குது. பாஸ்போட் இல்லையெண்டால் நாளைக்கு அவள் போக ஏலாது. நான் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒண்டும் சொல்லாமல் இருந்தால் காணும். போகாட்டில் குற்றப்பணம் வரும், திரும்பக் கூப்பிடுவாங்கள், அதெல்லாம் தெரியும். ஆனால் நான் நாள் கடத்திக் கடத்தியே உயிர் தப்பின ஆள். இண்டைக்கில்லாமல் நாளைக்கு எண்டால் எனக்கு அரைவாசி தப்பின மாதிரி. அதுக்குள்ள அவளின்ர மனம் மாறலாம், சட்டம் மாறலாம், அவளுக்குப் பல்கலைக்கழகத்தில இடம் கிடைக்கலாம். ஆரும் என்னைக் கேட்டால், அரிசியை மாத்தினது மனுசி. பிள்ளையாரே எடுத்து வைச்சிருக்கிறார் எண்டு கூட ஒரு நினைப்பு வந்தது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்குச் சந்தோசமாய் இருந்தது.

தேத்தண்ணி அரைவாசி குடிச்சிருப்பன், அவள் இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கத்துவாளெண்டு பார்த்தன், கத்தேல்லை. கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு, மெல்லக் கேட்டாள், டேனிஷில.

"நீங்கள் ஒளிச்சு வைச்சிட்டீங்கள், என்ன?"

"இல்லை பிள்ளை."

"அப்ப எங்கை?"

நான் கோப்பையைத் தூக்கி இன்னொரு மிடறு குடிச்சன்.

"நீங்கள் வேண்டாமெண்டு சத்தம் போட்டால் நானும் திருப்பிச் சத்தம் போடுவன். அது பரவாயில்லை" எண்டாள். "களவாய்ச் செய்தால் நான் என்ன செய்யிறது? பிறகு நான் உங்களை எப்பிடி நம்புறது?"

சும்மா ஒரு கேள்வியாய்த்தான் கேட்டாள், மறுமொழி தெரிய வேணுமெண்டு. மிச்சத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு எழும்பினன். "சப்பாத்தைப் போடு. கோவிலுக்குப் போறம்" எண்டன்.

"என்னத்துக்கு, கும்பிடவோ?"

"உன்ர பாஸ்போட் அங்க அரிசிக்குள்ள கிடக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வை, அப்பாவுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சிருப்பாள். காரில ஏறி முழுக்கதையும் சொல்லி முடிக்க மோட்டர்வே வந்திட்டுது. அவள் சிரிக்கேல்லை. போனை எடுத்து மடப்பள்ளிக்குப் பொறுப்பான அண்ணையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில போட்டாள்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வந்த அரிசியைக் கொட்டிப்போட்டியளோ?" எண்டு கார் ஓட்டிக்கொண்டே நான் கேட்டன்.

"இல்லை, இனித்தான் எடுக்கப் போறன். ஏன், என்ன பிரச்சினை?"

"தொடாதேங்கோ. வந்து சொல்லுறன்."

"அரிசியில ஏதும் பிழையோ?"

"அரிசி நல்ல அரிசி, அண்ணை. பிழை நான்தான்."

களஞ்சிய அறையில பத்துப் பன்ரெண்டு உரப்பை அடுக்கிக் கிடந்தது, அரைவாசிக்கு மேல எங்கடை மாதிரியே. மகள் முழங்காலில இருந்து ஒவ்வொண்டாய்த் தையலைப் பார்த்தாள். அடியில இருந்து ரெண்டாவது. கறுத்த நூல். அண்ணை வெட்ட, நான் கையை விட்டு அந்தப் பொலித்தீன் பொதியை இழுத்தெடுத்தன். அண்ணை அதை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இத்தினை வருசமாய் அரிசி பார்க்கிறன், தம்பி. கல்லு வந்திருக்கு, வண்டு வந்திருக்கு. பாஸ்போட் இண்டைக்குத்தான் வருது" எண்டார். பிறகு, "அப்பிடி என்ன அவசரம், ஊருக்கோ?" எண்டு கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் மகள் தமிழில சொன்னாள். "இல்லை மாமா. நாளைக்குப் படைக்கு நம்பர் இழுக்கப் போறன்."

அண்ணை என்னைப் பார்த்தார். என்ர வயசுக்காரர் அவர், ஊரில இருந்து வந்த காரணமும் என்ர காரணம்தான். ஏதாவது சொல்லுவார், எனக்குச் சார்பாய் ஒரு சொல்லெண்டாலும் சொல்லுவார் எண்டு எதிர்பார்த்தனான். அவர் போய் ஒரு தட்டில ரெண்டு வடையைக் கொண்டுவந்து அவளின்ர கையில குடுத்தார். "சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை, நாளைக்கு வெள்ளனத் தெம்பாய்ப் போக வேணும்" எண்டார். அவ்வளவுதான்.

திரும்பி வரேக்க வெயில் இன்னும் கண்ணில அடிச்சது, வைகாசி மாதம். அவள் பொதியை மடியில வைச்சிருந்தாள். பாஸ்போட்டைப் பிரிச்சு ஒவ்வொரு பக்கமாய்த் தட்டினாள். பொலித்தீன் மடிப்பால உள்ள போயிருந்த நாலைஞ்சு அரிசி கார் விரிப்பில விழுந்தது. அதோட சிரிக்கத் தொடங்கினவள்தான், கண்ணால தண்ணி வர வரச் சிரிச்சாள். நானும் சிரிச்சன். எங்கட ரெண்டு பேருக்கும் இடையில அப்பிடி ஒரு சிரிப்பு வந்து மாதக்கணக்கு.

சிரிச்சு முடிஞ்சு கொஞ்சத் தூரம் போனாப் பிறகு கேட்டாள். "கராஜுக்குள்ளயே உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது, என்ன?"

"ஓம்."

"அப்ப ஏன் உடன சொல்லேல்லை?"

பொய் சொல்ல நேரமிருந்தது, முன்னால ஒரு லொறி, அதை முந்துறன் எண்ட சாட்டும் இருந்தது. "சொல்லாமல் விடுவமோ எண்டு யோசிச்சனான்" எண்டன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்."

அவள் கோவிக்கேல்லை. வீட்டு வாசலில இறங்கேக்க என்ர தோளில ஒருக்கால் தட்டிப்போட்டுப் போனாள். வேலையிடத்தில பெரியவர் தட்டுற மாதிரி இருந்தது, எண்டாலும் எனக்கு அது போதும்.

அடுத்த நாள் நான் லீவு. காலமை கொண்டுபோய் விட்டிட்டு, வீட்டை போய் இருக்க ஏலாமல், பக்கத்தில ஒரு கார் தரிப்பிடத்தில இருந்தன். மனுசி பத்துத் தரம் போன் எடுத்தா. "என்ன நம்பராம்?" "இன்னும் வெளியில வரேல்லையே, எனக்கென்ன தெரியும்" எண்டு பத்துத் தரமும் எரிஞ்சு விழுந்தன். சின்ன நம்பர் வந்தால் கூப்பிடுவாங்கள், பெரிய நம்பர் வந்தால் விடுதலை. பிள்ளையாரே, கோவிலின்ர அரிசிக்குள்ள கை விட்டவன் கேட்கிறன் எண்டு நினைக்காதே, பெரிய நம்பராய்க் குடு எண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.

ரெண்டு மணி போல வந்தாள். வேற பெடியள் பெட்டையளோட கதைச்சுக் கதைச்சு, கையில ஒரு துண்டோட. காருக்குள்ள ஏறித் துண்டை நீட்டினாள். பெரிய நம்பர். அஞ்சு இலக்கம், முதல் இலக்கமே பெரிசு. கூப்பிடவே மாட்டாங்கள். ஸ்டியரிங்கில நெத்தியை வைச்சுக்கொண்டு, "அப்பாடா, பிள்ளையார் கைவிடேல்லை" எண்டன்.

"அப்பா."

தமிழில கூப்பிட்டாள். பசியாக்கும் எண்டு நினைச்சன்.

"நம்பரைப் பார்த்திட்டு அங்க பதிவு செய்யிற உத்தியோகத்தர் சொன்னா, உனக்கு விடுதலை, விரும்பினால் நீ வீட்டை போகலாம் எண்டு. நான் அங்கயே கதிரையில இருந்து யோசிச்சன்."

"என்னத்தை யோசிச்சனீ?"

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் யோசிச்சன். பிறகு நானாய்க் கேட்டுக் கையெழுத்து வைச்சிட்டன். அந்தத் தண்ணி இறைக்கிற பிரிவுதான், துவக்கில்லை. இடம் இருக்காம், ஆவணியில தொடக்கம்." கொஞ்சம் நிப்பாட்டினாள். "உங்களுக்கு முதல் சொல்ல வேணும் போல இருந்தது. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

எனக்குக் கோவம் வரவேண்டிய இடம் அது. வரும் வரும் எண்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தன், வரேல்லை. எனக்குப் பத்தொன்பது வயசில எல்லாப் பக்கமும் என்னை இழுத்தாங்கள், ஒருத்தனும் கேட்கேல்லை. இவளைப் போகலாம் எண்டு கதவைத் திறந்து விட்டிருக்கினம், இவள் தன்ர காலால திரும்பிப் போய்க் கையெழுத்து வைச்சிருக்கிறாள். அது வேற. ரெண்டும் ஒண்டெண்டு நான்தான் இவ்வளவு நாளும் போட்டுக் குழப்பியிருக்கிறன். "பசிக்குதோ?" எண்டு கேட்டன். ஓம் எண்டாள். போற வழியில சாப்பாடு வாங்கிக் குடுத்தன்.

சாப்பிட்டு முடிய, பழக்கத்தில பாஸ்போட்டை எடுத்து என்னட்ட நீட்டினாள். நானும் பழக்கத்தில கையை நீட்டினன். பிறகு கையை இழுத்திட்டன். "உன்னட்டையே இருக்கட்டும். இனி உன்ர கடுதாசியளை நீ பார்" எண்டன். வீட்டை போய்ப் பிறப்புப் பத்திரம், தடுப்பூசிக் கொப்பி எல்லாத்தையும் பிரிச்செடுத்து அவளின்ர மேசையில வைச்சன். மிச்சம் எங்கட ரெண்டு பேரின்ர. அதை அரிசிக்குள்ள வைக்கேல்லை, மனுசி அலுமாரியில இடம் காட்டிப்போட்டா. இந்தக் கதையைக் கேட்டு மனுசி சிரிச்ச சிரிப்பு இன்னும் ஓயேல்லை, கோவிலுக்கு அரிசி குடுக்கிற ஒவ்வொரு முறையும், "இஞ்சேருங்கோ, உங்கட சாமான் ஏதும் உள்ளுக்குக் கிடக்கோ" எண்டு கேட்டுத்தான் உரப்பையைக் கட்டுறா.

ஆவணியில மகள் முதுகுப் பையோட போனாள். ரெயிலடியில நான் அழேல்லை, மனுசிதான் அழுதா. நான் கார் தரிப்பிடத்துக்கு வந்துதான் அழுதன். கிழமை முடிவில வாறாள், பம்ப் எப்பிடிப் பூட்டுறது, மரம் விழுந்தால் எப்பிடி வெட்டுறது எண்டு எனக்கு வகுப்பெடுக்கிறாள். கேட்க நல்லாய்த்தான் இருக்கு.

போன கிழமை மனுசி கராஜைக் கூட்டினா. தண்ணிக் கானெல்லாத்தையும் வெளியில எடுத்து, கழுவி, புதுத்தண்ணி நிரப்ப வேணும். "இனி வீட்டில ரெண்டு பேர்தானே, பதினெட்டு லீட்டர் காணும். மற்றதை எடுத்தால் சைக்கிள் வைக்க இடம் வரும்" எண்டா. சரியான கணக்குத்தான். அரசாங்கத்தின்ர கணக்கும் அதுதான்.

நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, கானை எல்லாம் குழாயடிக்குக் கொண்டுபோய், இருபத்தேழு லீட்டரும் நிரப்பி வைச்சன்.